போலீஸ் வந்த வீடு

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நான் உக்காந்துக்குவேன். ஆங், போதும் போதும். ஜன்னலை நீங்களே வச்சுக்கங்க, எனக்குக் காத்து ஆகாது. திண்டுக்கல்லுக்குத்தானே? நானும் அங்கதான், தங்கச்சி வீட்டுக்கு. நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். ஏன், வீட்டுல என்னன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, சரி. இருந்தாலும் சொல்றேன். அந்த வயரைக் காதுலருந்து எடுத்துடுங்க. நான் கத்திப் பேசினா கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாப்பாரு.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க போலீஸ் இல்லியே? முடிவெட்டு அப்படி இருக்கேன்னு கேட்டேன். விதைக் கம்பெனியா? நல்லதாப் போச்சு.

என் மருமக சட்டம் படிக்கிறா தம்பி. அதான் எனக்கு வந்த வினை. பொண்ணு பி.காம்.னு சொல்லித்தான் கட்டி வச்சாக. வந்த மறு மாசமே என் மகன் தினகரன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறான். ‘அம்மா, சுபாஷினி வக்கீலுக்குப் படிக்கணும்ங்கிறா’ன்னு. படிக்கட்டும்னு நான்தான் சொன்னேன். வேணாம்னா நாலு பேரு என்னை மாமியார்க்காரிம்பாக, அந்தப் பேரு எனக்கு எதுக்கு? ஆனா படிப்பு காலேஜோட நிக்கும்னு நெனச்சேன். நிக்கலியே! வெண்டைக்காயை நறுக்கிக்கிட்டே வாய்விட்டுப் படிப்பா. ‘கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும்’ம்பா, ஒரு நறுக்கு. ‘குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்’ம்பா, இன்னொரு நறுக்கு. எங்க வீட்டுச் சாம்பார்ல உப்பு இருக்கோ இல்லியோ, சட்டம் இருக்கும்.

ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கிடக்கு. ‘யாருடி இதை விட்டது?’ன்னு கேட்டேன். ‘அத்தை, எனக்கு எதிரா நானே சாட்சி சொல்லணும்னு கட்டாயம் இல்ல’ங்கிறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. நான் என்ன ஜட்ஜா? துணியை எடுத்து நானே துடைச்சேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க தெரு முக்குல வீரபத்திரன்னு ஒருத்தரு தேய்ப்பு வண்டி வச்சிருக்காரு. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அவரு சம்சாரம் காமுத்தாய் வீடு வீடாத் துணி வாங்கிட்டு வருவா, இவரு தேய்ப்பாரு. ஒரு வம்பு தும்புக்குப் போகாதவுக. அன்னைக்கு நான் மொட்டை மாடியில கூழ் வத்தல் பிழிஞ்சுக்கிட்டிருந்தேன். அரிசி ஆலைக்காரர் மகன் புதுக் காரைப் பின்னால எடுக்கறான். ஒரு கையில போனு. ஸ்டியரிங்குல ஒரே கை. தேய்ப்பு வண்டி சாக்கடை ஓரமா, அது எப்பவும் நிக்கிற எடத்துலதான் நிக்குது. வந்து இடிச்சான் பாருங்க, வண்டி சாஞ்சு, இஸ்திரிப் பெட்டி பறந்து அவன் கார் மேலயே விழுந்து, கரியெல்லாம் சிதறி... ஆத்தாடி! வீரபத்திரன் கையில நல்ல சூடு. கட்டி வச்சிருந்த துணியில தீப் பிடிச்சிருச்சு. அதுல என்னோட பச்சைச் சுங்குடியும் போச்சு தம்பி. மாம்பிஞ்சு பச்சை. அந்தப் பச்சை இப்ப வர்றதே இல்ல. வீரபத்திரன் கை ஆறிடும், அந்தச் சேலைக்கு நான் எங்க போவேன்?

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே நான் சொல்லிட்டேன். எப்படி வந்தான், எப்படி இடிச்சான், எந்தக் கையில போனு வச்சிருந்தான்னு ஒண்ணு விடாம நடிச்சே காட்டினேன். பாத்ததைச் சொல்றதுல என்ன இருக்கு?

ஆனா பாருங்க, போலீஸ் வந்து யாரைப் புடிச்சுதுன்னு நெனைக்கிறீங்க? தேய்ப்பு வண்டியை லோடு ஆட்டோவுல ஏத்தி ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாக. நடு ரோட்டுல நெருப்பை வச்சுக்கிட்டு நின்னான், என் காரு பாழாப் போச்சுன்னு ஆலைக்காரர் மகன் புகார் குடுத்துட்டான். வீரபத்திரன் குடுத்த புகாரைக் கையில கூட வாங்கல. ‘தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுத்துட்டு வண்டியை எடுத்துட்டுப் போ’ன்னு சொல்லிட்டாக. அப்படி எழுதிக் குடுத்தா காரையும் அவுகதானே செஞ்சு குடுக்கணும்? எழுதிக் குடுக்கலைன்னா வண்டி இல்ல. வண்டி இல்லேன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. இதுல காமுத்தாயையும் விசாரிக்கணும்னு சொல்லி தினம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிட்டாக. காலையில போயி வாசல்ல உக்காந்தா, பொழுது சாய எந்திரிச்சு வருவா. உள்ள கூப்பிடறதும் இல்ல, வீட்டுக்குப் போன்னு சொல்றதும் இல்ல.

அவ என்கிட்ட வந்து, ‘அக்கா, நீங்கதான மாடியிலருந்து பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா’ன்னா. நமக்கு எதுக்குத் தம்பி? தெருவுல சொல்றது வேற, போலீஸ்கிட்டச் சொல்றது வேற. ‘பாப்போம்டி’ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா வீரபத்திரன் ஸ்டேஷன்ல என் பேரைச் சொல்லிட்டாரு போல. மறுநாளே போனு. ‘ராஜாமணியம்மாளா? ஸ்டேஷனுக்கு ஒரு அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்கம்மா.’

எம்மகன் வேலைக்குப் போயிட்டான். மருமக மட்டும்தான் வீட்டுல. படக்குனு போனை வாங்கி, ‘சார், சாட்சியா ஒரு பொம்பளையை விசாரிக்கணும்னா அவங்க குடியிருக்கிற எடத்துக்கு நீங்கதான் வரணும். ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க சார்’னு சொல்லி வச்சுட்டா.

எங்க வீட்டுக்கா! நான் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ‘அடியே, நான் முக்காடு போட்டுக்கிட்டு ஆட்டோவுல போயி யாருக்கும் தெரியாம வந்திருப்பேனே. போலீஸ் வீட்டு வாசல்ல வந்து நின்னா நாளைக்கு இந்தத் தெருவுல தலைகாட்ட முடியுமா? போய்ச் சேர்ந்த உன் மாமனாரு போட்டோவுல இருந்து என்னைப் பாப்பாரே’ன்னு கத்தினேன்.

‘அத்தை, நீங்க போகணும்னு ஆசைப்பட்டா போங்க, யாரும் தடுக்கல. ஆனா போயித்தான் ஆகணும்னு இல்ல. அது உங்க உரிமை’ன்னா.

உரிமையாம்! அங்க போனா அவமானம் ஆட்டோவோட போகும். இங்க வந்தா ஜீப்புல வந்து இறங்கும். இதுக்குப் போயி உரிமைன்னு பேரு வச்சவன் கண்டிப்பா எங்க தெருவுல குடியிருந்திருக்க மாட்டான்.

ஆனா வர்றேன்னு சொல்லிட்டாக. நான் என்ன பண்ணேன்னா, ராவோட ராவா யோசிச்சு, காலையில அதே நம்பருக்குப் போன் போட்டேன். எஸ்.ஐ.யே எடுத்தாரு. ‘சார், வர்றது வாங்க. ஆனா காக்கி வேணாம், சாதா சட்டையில வாங்க. ஜீப்பைப் பால் டிப்போகிட்ட நிறுத்திடுங்க. யாரும் கேட்டா பொண்ணு வீட்டுச் சொந்தம்னு சொல்லிடுங்க’ன்னேன். அந்தப் பக்கம் யாரோ இருமுறது கேட்டுச்சு. அப்புறம், ‘பாக்கறேம்மா’ன்னாரு. குரல்ல ஒரு மரியாதை இருந்துச்சு தம்பி, அதைச் சொல்லணும்.

வீட்டைக் கழுவினேன். எதிர் வீட்டுல ரெண்டு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டேன். கேசரி கிண்டினேன், வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைச்சேன். எதுத்த வீட்டுக்காரி எட்டிப் பாத்து, ‘என்னக்கா, யாரையாவது பொண்ணு பாக்க வர்றாகளா? உங்க வீட்டுல பொண்ணே இல்லியே?’ங்கிறா. ‘சும்மா சாப்பிடணும்னு தோணுச்சு’ன்னேன். மருமக உள்ள நின்னு வாயைப் பொத்திச் சிரிக்கிறா. எனக்கு எரிஞ்சுச்சு.

சாதா சட்டையிலயா வந்தாக? காக்கிதான். ஜீப்பும் நேரா வாசலுக்குத்தான். மேல சுத்துற விளக்கை அணைக்கக்கூட இல்ல. எஸ்.ஐ., கூட ஒரு பொண்ணு போலீஸ். தெருவே வெளிய வந்து நிக்குது. நான் சத்தமா, ‘வாங்க மாப்ளே, வாங்க! ரோடெல்லாம் நல்லா இருந்துச்சா?’ன்னேன். அந்தப் பொண்ணு போலீஸ் குனிஞ்சு ஷூவைக் கழட்டறேன்னு ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்துச்சு.

ஆனா எஸ்.ஐ. நல்ல மனுசன் தம்பி. கேசரியை நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டாரு. வாய்க்கு வாய் அம்மா, அம்மாதான். ‘அம்மா, அந்த வண்டி நடு ரோட்டுலதானே நின்னுச்சு?’ன்னு கேட்டாரு. நம்ம வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிடற மனுசன், மூஞ்சிக்கு நேரா இல்லேன்னா சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன். ‘நெருப்பை மூடாமத்தானே வச்சிருந்தான்?’ அதுக்கும் ஆட்டினேன். பஜ்ஜி வச்சேன். அவரு சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு எழுதுது. மருமக ஒரு ஓரமா நின்னு என்னையே பாக்கறா. ஒரு வார்த்தை பேசல. சட்டம் படிச்சவ பேச வேண்டிய நேரத்துல பேசுனாளா பாருங்க. அப்புறம் கேட்டதுக்கு, ‘சாட்சி நீங்க அத்தை, பதிலும் நீங்கதான் சொல்லணும்’ங்கிறா.

எஸ்.ஐ. பேனாவை நீட்டி, ‘இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா’ன்னாரு. எனக்குக் கையெழுத்து நல்லா வரும் தம்பி. ராவன்னாவுக்குக் கீழ ஒரு சுழி போட்டு, கடைசியில ஒரு கோடு இழுப்பேன். ரேஷன் கடைக்காரரே கேட்டிருக்காரு, டீச்சரா இருந்தீங்களாம்மான்னு. பேனாவைக் கையில வாங்கிட்டேன். அப்பத்தான் மருமக வாயைத் தொறந்தா. ‘என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க அத்தை.’

அந்தப் பொண்ணு படிச்சுது. ‘மேற்படி ராஜாமணி, வயது எழுபது, கண் பார்வை மங்கலானவர். சம்பவத்தின்போது மாடியில் அயர்ந்திருந்தவர், சத்தம் கேட்டுத்தான் எழுந்து பார்த்தார்...’

எழுபதா! யாருக்கு எழுபது? தம்பி, நீங்களே சொல்லுங்க, என்னைப் பாத்தா எழுபதா தெரியுது? யோசிக்காதீங்க, விடுங்க. எனக்கு இன்னும் அறுபதே முடியல. கண்ணு மங்கலாம்! ஊசியில நூல் கோக்கறேன் நான். எங்க மாடியிலருந்து டிப்போவுல எந்தப் பாக்கெட்டு நீலம், எந்தப் பாக்கெட்டு பச்சைன்னு சொல்லுவேன். அயர்ந்து கிடந்தேனாம், வத்தலை என்ன பேயா பிழிஞ்சுச்சு?

வந்துச்சு பாருங்க எனக்கு! எந்திரிச்சேன். கேசரித் தட்டை எடுத்தேன். ‘இது காரு. பாருங்க சார், இது வீரபத்திரன் வண்டி’ன்னு பஜ்ஜித் தட்டை எடுத்து, சாக்கடை ஓரம்னு சொல்லி சுவரோரமா வச்சேன். ‘இப்படி வந்தான். வலது கையில போனு. கறுப்பு உறை போட்ட போனு. பின்னாடி திரும்பியே பாக்கல. வண்டி நடு ரோட்டுல நிக்கல, அது என்னைக்கும் நிக்கிற எடத்துலதான் நின்னுச்சு. நெருப்பு பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு, இவன் இடிச்ச பிறகுதான் சிதறுச்சு. எழுதும்மா! எழுபதை அடிச்சுட்டு எழுது!’ன்னேன்.

எஸ்.ஐ. மூஞ்சி சுருங்கிப் போச்சு. ‘இப்பத்தான தலையை ஆட்டினீங்க?’ன்னாரு. ‘அது மரியாதைக்கு ஆட்டினது’ன்னேன். அந்தப் பொண்ணு போலீஸ் எல்லாத்தையும் திரும்ப எழுதுச்சு. படிச்சும் காட்டுச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. சந்தோசமாக் கையெழுத்துப் போடலாம்னு குனிஞ்சா, மருமக, ‘அத்தை, இதுல நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்ல. போலீஸ்ல சொல்ற வாக்குமூலத்துக்குக் கையெழுத்து கிடையாது. சாருக்கே தெரியும்’னுட்டா. அவரும் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில சொருகிட்டாரு. பாத்தீங்களா? வாழ்க்கையில ஒரு தடவை அரசாங்கக் காயிதத்துல என் கையெழுத்து நிக்கும்னு இருந்தேன். அதையும் சட்டத்தைச் சொல்லிக் கெடுத்துட்டா. சிரிக்காதீங்க தம்பி, வத்தலக்குண்டுல டீ குடிக்க இறங்கலாமா? வேணாமா? சரி.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன்? அன்னைக்குச் சாயங்காலம் காமுத்தாய் வந்தா. ஸ்டேஷன் வாசல்லருந்து நேரா வர்றா. மூஞ்சியெல்லாம் வெயில்ல கறுத்துக் கிடக்கு. ‘அக்கா, உங்களைத் தேடி அவுகளே வீட்டுக்கு வந்தாகளாமே?’ன்னா.

‘ஆமாடி. அது சட்டம். பொம்பளைகளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. வீட்டுக்குத்தான் வரணும்’னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். முந்தின நாள் கத்தினதெல்லாம் அவளுக்கு எதுக்கு?

அப்புறம் கேட்டா, ‘அக்கா, நானும் பொம்பளதானக்கா?’

அவ கோவமாக் கேக்கல. நிசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. உள்ள போயி மருமககிட்ட, ‘ஏன்டி, ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றியே, இவளுக்கு ஏன் முன்னாடியே சொல்லல?’ன்னு பாஞ்சேன். அவ, ‘இவங்களைத் தினமும் வரச் சொல்றது எனக்குத் தெரியாதே அத்தை. உங்களுக்குத் தெரியுமா?’ன்னா. எனக்கு எதிரா நானே எதுக்குச் சாட்சி சொல்லணும்?

மறுநாள் அவளுக்குப் பரீட்சை. ‘நீங்களே கூடப் போயிட்டு வாங்க அத்தை’ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. ஆட்டோ கூட வைக்கல தம்பி. பட்டப்பகல்ல, காமுத்தாய் கையைப் புடிச்சுக்கிட்டு, கடைத்தெரு வழியா நடந்தேன். முக்காடும் போடல, மறந்து போச்சு. என்ன சொல்லணும்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். ஸ்டேஷன் உள்ள நொழஞ்சதும் பாதி மறந்து போச்சு. அந்தா வீரபத்திரன் வண்டி நிக்குது, சக்கரம் கோணி, மழையில நனைஞ்சு.

எஸ்.ஐ. என்னைப் பாத்து எந்திரிச்சுட்டாரு. ‘என்னம்மா, நீங்க எங்க இங்க?’

‘சார், இவ சாட்சி. இவளும் பொம்பளை. இவளை இங்க கூப்பிட முடியாது. இவ இருக்கிற எடத்துக்கு வந்து விசாரிச்சுக்கங்க. நாங்க போறோம்’னு சொல்லிட்டு காமுத்தாயை இழுத்தேன்.

அவரு சிரிச்சாரு. ‘இருக்கிற எடமா? அது வாய்க்காக் கரையில தகரக் கொட்டாயிம்மா. ஜீப்பு போகாது. உக்கார ஒரு எடம் கிடையாது. எந்த வீட்டுக்கு வரச் சொல்றீங்க?’ன்னாரு.

‘என் வீட்டுக்கு வாங்க’ன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. அவரு உத்துப் பாக்கறாரு. ‘இவ உங்க வீட்டுலயா இருக்கா?’ங்கிறாரு. ‘இன்னையிலருந்து இருக்கா. கேஸ் முடியற வரைக்கும் இருப்பா. வந்து எண்ணிப் பாத்துக்கங்க’ன்னேன். வாய் தம்பி, வாய். அது எனக்கு அடங்கினா நான் ஏன் இப்படி இருக்கேன்?

வந்தாரு. மறுபடியும் ஜீப்பு, மறுபடியும் அந்தச் சுத்துற விளக்கு, மறுபடியும் தெருவே வாசல்ல. இந்தத் தடவை மாப்ளேன்னு நான் கூப்பிடல. காமுத்தாய் சொன்னா பாருங்க, எங்கேயும் தடுமாறல. ‘அவன் இடிச்சான் சார். இவரு கை வெந்துச்சு. நீங்க எங்க புகாரை வாங்கல’ன்னு அவரு மூஞ்சியைப் பாத்தே சொன்னா. பேனாவை எடுத்ததும், ‘கையெழுத்து வேணாம்ல சார்?’ன்னு அவளே கேட்டா. அப்புறம் என் மருமகளும் அவ வாத்தியாரு ஒருத்தரும் மேலதிகாரிக்கு மனு எழுதிப் போட்டு, வீரபத்திரன் புகாரையும் பதிஞ்சு அதோட நகலைக் கையில குடுக்க வச்சாக. காசில்லாமக் குடுக்கணுமாம், அதுவும் சட்டமாம். ஆலைக்காரர் மகன் இப்ப வாய்தா வாய்தாவா அலையறான். வண்டி வந்திருச்சு. சக்கரம் மாத்தி, முக்குல நிக்குது. இத்தனை அலைச்சலுக்கு அப்புறம்தான் நாலு நாள் தங்கச்சி வீட்டுல இருக்கலாம்னு கிளம்பினேன்.

நீங்க இறங்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடறேன். ரெண்டாந்தடவை போலீஸ் வந்தப்ப, சேர் ரெண்டு இருந்துச்சா, ஒண்ணுல எஸ்.ஐ. உக்காந்தாரு. இன்னொண்ணு காமுத்தாய்க்கு. இத்தனை வருசத்துல அவ எங்க வீட்டு நடையைத் தாண்டி உள்ள வந்ததில்ல தம்பி. துணியை வெளியவே வாங்கிக்குவா, வெளியவே குடுத்துட்டுப் போவா. அவளுக்கே அதுதான் தோதுன்னு நான் நெனச்சிருந்தேன். அன்னைக்கு அவ தரையில உக்காரப் போனா. ‘மேல உக்காருடி, உன்னைத்தான பாக்க வந்திருக்காக’ன்னேன். நுனியில உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. ஜீப்பு போச்சு. இவ எந்திரிச்சா. எந்திரிச்சு, முந்தானையால அந்தச் சேரைத் துடைக்கிறா தம்பி. தான் உக்காந்த எடத்தை அழுந்த அழுந்தத் துடைக்கிறா.

எனக்கு எங்கருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ. போலீஸ்கிட்டக் கூட அப்படிக் கத்தல. ‘ஏய், அதை எதுக்குடி துடைக்கிற?’ன்னேன். அவ பயந்து போயி, ‘பழக்கம்க்கா’ன்னா.

கண்ணுல தண்ணி வந்திருச்சு எனக்கு. யாரு மேல கோவம்னே தெரியல. ‘துடைக்காத. உக்காரு மறுபடியும்’னேன்.

அவ என்னையும் பாத்தா, சேரையும் பாத்தா. அப்புறம் நல்லாச் சாஞ்சு உக்காந்தா.